காந்தத்துல ஒட்டுற கல்லெல்லாம் காந்தக்கல் இல்ல: அப்பத்தா பெட்டகத்துக் கல்லும் மழைக்கு ஒதுங்குற கருமணலும்

தம்பி, நீங்க கேட்டதுல ரெண்டு கேள்வி இருக்கு. கானாடுகாத்தான் பக்கம் உங்க பூர்வீக வீட்டுல ரெண்டாங்கட்டு அறையை ஒழிக்கும்போது அப்பத்தாவோட பெட்டகத்துல சிவப்புத் துணியில சுத்தி ஒரு கறுப்புக் கல் கிடைச்சிருக்கு, கூடவே மருந்து அரைக்கிற ஒரு சின்ன குழியம்மியும் இருந்திருக்கு, கல்லு உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவுதான் ஆனா பிண்டமா கனக்குது, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை வச்சா பச்சக்னு ஒட்டுது, ஆனா கல்லை குண்டூசி கிட்ட கொண்டு போனா ஒரு ஓரத்துல மட்டும் ஊசி லேசா அசையுற மாதிரி இருக்கு, மத்த பக்கம் ஒண்ணுமே இல்ல. இது காந்தக்கல்லா, இல்ல உங்க பங்காளி ஒருத்தர் சொல்ற மாதிரி விண்கல்லா? ரெண்டாவது, மழை விட்டதும் வாசல் ஓரத்துலயும் ஊருணிக்குப் போற வாய்க்கால்லயும் கறுப்பா ஒரு மணல் கோடு ஒதுங்குது, அதுவும் காந்தத்துல மீசை மீசையா ஒட்டுது, அப்ப நம்ம நிலத்துக்கு அடியில இரும்பு இருக்கா?

ரெண்டாவதுக்கு பதில் சின்னது. இருக்கு, ஆனா வெட்டி எடுக்குற அளவுக்கு இல்ல. ஏன்னு பின்னாடி சொல்றேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் பொறுமையா உட்காரணும். நான் காரைக்குடிக்காரன், சேலம் பக்கமும் கர்நாடகா பக்கமும் இரும்புத்தாது மலைகள்ல ரொம்ப வருஷம் சுத்தினவன், இந்தக் கல்லு என் தோஸ்து மாதிரி, அதனால நீளமா போனா பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணை பிரிச்சுப் புரிஞ்சுக்கங்க. காந்தத்துல ஒட்டுறது வேற, தானே காந்தமா இருக்கறது வேற. ஆணி காந்தத்துல ஒட்டும், அதுக்காக ஆணியை காந்தம்னு யாரும் சொல்றதில்ல. ஆனா கல்லுன்னு வந்துட்டா மட்டும் நாம ரெண்டையும் காந்தக்கல்னு ஒரே பேர்ல கூப்பிட்டுடறோம், குழப்பம் பாதி அங்கதான் ஆரம்பிக்குது. காந்தத்துல நல்லா ஒட்டுற கறுப்பு கனிமத்துக்கு பேர் மேக்னடைட். உலகத்துல அது ஏராளமா கிடக்கு. அந்த மேக்னடைட்ல ரொம்ப ரொம்ப கொஞ்சம் மட்டும்தான் பிறவியிலேயே, அதாவது பாறையில இருக்கும்போதே, காந்தமா மாறி ஊசியை இழுக்கும். பழைய ஆளுங்க அயக்காந்தம்னு சொன்னது அந்த அபூர்வமான ரகத்தைத்தான்.

மேக்னடைட்னா என்னன்னா இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது, மூணு இரும்பு அணுவுக்கு நாலு ஆக்சிஜன். துருவும் இதே ரெண்டு சரக்குதானேன்னு கேப்பீங்க, ஆமா, ஆனா கணக்கு வேற. துருவுல, அப்புறம் சிவப்பு தாதுன்னு சொல்ற ஹெமடைட்ல, இரும்பு எல்லாமே மூணு எலக்ட்ரான் இழந்த நிலையில இருக்கும். மேக்னடைட்ல மூணு இரும்புல ஒண்ணு மட்டும் ரெண்டு எலக்ட்ரான் இழந்தது, பாக்கி ரெண்டும் மூணு இழந்தது. இந்தக் கலப்புதான் இதோட மொத்த குணத்துக்கும் காரணம். கயிறு இழுக்குற போட்டி மாதிரி நினைச்சுக்கங்க, மூணு இழந்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்னு சம பலத்துல இழுக்கறதால அவங்க கணக்கு கழிஞ்சு போயிடும், மிச்சம் அந்த ரெண்டு இழந்த ஒருத்தர் இழுக்கறது மட்டும்தான் வெளியில தெரியும். சுத்த இரும்புல எல்லாரும் ஒரே பக்கம் இழுக்குறாங்க, அதனால பலம் ஜாஸ்தி. மேக்னடைட்ல எதிரும் புதிருமா இழுத்து மிஞ்சுனது, அதனால இரும்பை விட கம்மி, ஆனா மத்த கனிமங்களோட பார்த்தா எங்கேயோ இருக்கு. இதை 1948-ல கணக்கு போட்டு விளக்குனவர் லூயி நேயல்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1970-ல நோபல் பரிசு வாங்கினார்.

அந்த கலப்பாலதான் இது கன்னங்கரேல்னு இருக்கு, ஒரு இரும்புல இருந்து பக்கத்து இரும்புக்கு எலக்ட்ரான் தாவிக்கிட்டே இருக்கும், கல்லா இருந்தும் ஓரளவு மின்சாரம் கடத்தும். மைனஸ் 153 டிகிரிக்கு குளிர வச்சா தாவல் திடீர்னு முடங்கிடும், ஃபெர்வேன்னு ஒரு டச்சுக்காரர் 1939-ல கண்டுபிடிச்சது, அது ஏன்னு இன்னைக்கு வரைக்கும் இயற்பியல்காரங்க சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. இந்தப் பக்கம் சூடாக்கினா 580 டிகிரி வாக்குல காந்தத்துல ஒட்டுற குணமே போயிடும், ஆறினா திரும்ப வரும். ஆனா அது தானே காந்தமா இருந்த கல்லா இருந்தா அந்த பழைய காந்தம் திரும்ப வராது. அதனால தயவுசெஞ்சு உங்க கல்லை அடுப்புல போட்டு சோதிக்காதீங்க.

வீட்டுலயே என்ன பண்ணலாம்னா, அப்பத்தா வீட்டுல ஊறுகாய் ஜாடி இல்லாம இருக்காது. பீங்கான் ஜாடியை கவுத்துப் பாருங்க, அடியில பளபளப்பு இல்லாம சொரசொரன்னு ஒரு வெள்ளை வளையம் இருக்கும். அதுல கல்லோட ஒரு மூலையை அழுத்தி இழுங்க. மேக்னடைட்னா கறுப்பு கோடு விழும். ஹெமடைட்னா, கல்லு வெளியில கறுப்பா இருந்தாலும் கூட, கோடு செங்கப்பொடி கலர்ல விழும், இதுல ஏமாத்தவே முடியாது. நம்ம சிவகங்கையில தமிழ்நாடு அரசோட கனிம நிறுவனம் டாமின் வெட்டி எடுக்கறாங்களே கிராஃபைட், அதுவும் கறுப்புதான், கறுப்பு கோடுதான், ஆனா அது கையில பிசுபிசுன்னு ஒட்டும், காகிதத்துலயே எழுதும், கனமே இருக்காது, காந்தம் திரும்பியே பார்க்காது. மேக்னடைட் பேனாக்கத்திக்கு லேசுல மசியாது.

அடுத்தது எடை. கிச்சன்ல டிஜிட்டல் தராசு இருக்கும்ல, முதல்ல கல்லை சும்மா எடை போட்டு குறிச்சுக்கங்க. அப்புறம் ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி தராசுல வச்சு சைபர் ஆக்கிட்டு, கல்லை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் ஓரத்துலயும் படக்கூடாது, கையிலதான் பிடிச்சிருக்கணும். இப்ப தராசு காட்டுற கிராம் எத்தனையோ அத்தனை கன சென்டிமீட்டர் உங்க கல்லு. உதாரணத்துக்கு கல்லு 620 கிராம், தண்ணியில 121 காட்டுதுன்னா 620-ஐ 121-ஆல வகுத்தா 5.12 வருது. சுத்தமான மேக்னடைட் 5.2 கிட்ட வரும். மூணரை நாலு வந்தா வெள்ளைக்கல், அதான் குவார்ட்ஸ், கலந்த தாதுப்பாறை. ஏழுக்கு மேல போனா அது இரும்பே, கனிமம் இல்ல. ரெண்டேமுக்கால் மூணுன்னா சாதா கருங்கல்.

விண்கல் விஷயம். பெரும்பாலான விண்கல் காந்தத்துல ஒட்டும், அது நிஜம், காரணம் உள்ள இருக்கற நிக்கல் கலந்த இரும்பு. வேடிக்கை என்னன்னா காத்துல உரசி எரிஞ்சு வர்றப்ப மேல ஒரு மெல்லிசான கறுப்புத் தோல் உருவாகும், அந்தத் தோல்லயே நிறைய மேக்னடைட்தான். ஆனா முழுக் கல்லும் மேக்னடைட்டா விண்ணுல இருந்து விழாது. புது விண்கல்லை ஜாடியில உரசினா கோடு ஏறக்குறைய விழவே விழாது. கறுப்பா திண்ணமா கோடு விழுந்து, எடை அஞ்சை ஒட்டி வந்துச்சுன்னா உங்க பங்காளியை காபி குடிச்சிட்டு கிளம்பச் சொல்லிடலாம். ஓட்டை ஓட்டையா குமிழி தெரிஞ்சா அது பழைய உலையில வழிஞ்ச கிட்டம், அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சுற கழிவு. விண்கல்னு கொண்டு வந்து காட்டுறவங்க கல்லுல பெரும்பங்கு மேக்னடைட், ஹெமடைட், இல்லேன்னா கிட்டம், இது உலகம் பூரா இருக்கற கதை. ஒரே ஒரு வேண்டுகோள், நிஜமாவே விண்கல்லோன்னு சந்தேகம் இருக்கற கல்லுல பலமான காந்தத்தை ஒட்டவே கூடாது, அதுக்குள்ள கோடிக்கணக்கான வருஷமா எழுதி வச்ச காந்தப் பதிவை ஒரு நொடியில அழிச்சிடுவோம்.

இதே காரணத்துக்காக உங்க கல்லு விஷயத்துலயும் எனக்கு ஒரு சின்ன வருத்தம். ஸ்பீக்கர் காந்தத்தை முதல்லயே ஒட்டிட்டீங்க. அதனால இப்ப ஊசி ஓரத்துல அசையறது கல்லோட பிறவி காந்தமா, இல்ல ஸ்பீக்கர் தந்துட்டுப் போனதான்னு உறுதியா சொல்ல முடியாது. இருந்தாலும் கல்லு இப்ப தானே காந்தமா இருக்கா இல்லையான்னு மட்டும் பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரு சின்ன திசைகாட்டி வாங்குங்க, பள்ளிக்கூட பசங்க வச்சிருக்கறது போதும். கல்லை மெதுவா சுத்திச் சுத்தி ஊசியோட ஒரு முனை கிட்ட காட்டுங்க. எந்தப் பக்கம் காட்டினாலும் ஊசி இழுபட்டு வந்துச்சுன்னா அது சும்மா மேக்னடைட். ஏதோ ஒரு இடத்துல ஊசி முனை பின்னாடி தள்ளிப் போச்சுன்னா, அங்கதான் விஷயம். இழுக்கறதுக்கு எந்த இரும்பும் போதும், தள்ளுறதுக்கு இன்னொரு காந்தம் வேணும். போன்ல காந்தப்புலம் அளக்குற ஆப் இருந்தா அதையும் போட்டுப் பாருங்க, நம்ம பக்கம் பூமியோட புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா காட்டும், கல்லைச் சுத்தி நகர்த்தும்போது அது சில இடத்துல ஏறி சில இடத்துல 40-க்கும் கீழ இறங்குதான்னு கவனிங்க.

சரி, எல்லா மேக்னடைட்டும் காந்தமா இல்லாம சிலது மட்டும் ஏன் ஆகுது? பூமியோட காந்தப்புலம் ரொம்ப நோஞ்சான், அதால ஒரு கல்லை இந்த அளவுக்கு காந்தமாக்க முடியாது. பெரும்பாலான ஆராய்ச்சிக்காரங்க கை காட்டுறது இடியை. மின்னல் மலை உச்சியில இறங்கும்போது பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரம் ஒரு கணம் பாயுது, அதைச் சுத்தி வர்ற காந்தப்புலம் அந்த நேரத்துக்கு அசுர பலம். அதுக்குத் தோதா, இந்த காந்தக்கற்கள் நிலத்து மேல்மட்டத்துலதான் கிடைக்குது, ஆழமா தோண்டின சுரங்கத்துல இல்ல. ஆனா இடி விழுந்தா மட்டும் போதாது, பெற்ற காந்தத்தை விடாம பிடிச்சு வைக்கவும் தெரியணும். சுத்தமான பெரிய படிகமா இருக்கற மேக்னடைட் அதுல சோம்பேறி, சட்டுனு விட்டுடும். உள்ள மெல்லிசா மேக்ஹெமைட்னு இன்னொரு இரும்பு ஆக்சைடு இழை இழையா பின்னி இருந்தாதான் பிடிச்சு வைக்கும். ரெண்டும் ஒரே கல்லுல அமையணும், அதனாலதான் அபூர்வம்.

சைவ சித்தாந்தத்துல காந்த பசாசம்னு ஒரு உவமை சொல்லுவாங்க, குன்றக்குடி பக்கத்துல பிறந்த நமக்கு எங்கயாவது காதுல விழுந்திருக்கும். பசாசம்னா இங்க பேய் இல்ல, இரும்பு. காந்தம் தான் அசையாம சும்மா இருக்க, அதோட சன்னிதியில இரும்பு தானா அசையும், இறைவன் முன்னாடி உயிரும் அப்படின்னு அர்த்தம். உவமை சொன்னவர் மனசுல இருந்தது சும்மா மேக்னடைட் இல்ல, இரும்பை இழுக்குற பிறவிக் காந்தம்.

திசைகாட்டின்னதும் ஒரு அசட்டுத்தனம் ஞாபகம் வருது. நான் வேலைக்கு சேர்ந்த புதுசு, சேலம் கஞ்சமலையில பாறை எந்தத் திசையில ஓடுதுன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் திசைகாட்டி வச்சு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தேன். ராத்திரி வரைபடத்துல போட்டுப் பார்த்தா பாறை பாம்பு மாதிரி நெளியுது, ஒரு இடத்துல தன்னையே சுத்திக்குது. மேல இருந்த அதிகாரி பார்த்துட்டு சிரிச்சாரு, மலை முழுக்க மேக்னடைட், நீ மலையை நம்பாம ஊசியை நம்புனியே, நாளையில இருந்து சூரியனைப் பார்த்து திசை எழுதுன்னாரு. ஒரு நாள் உழைப்பு குப்பைக்குப் போச்சு.

அந்த கஞ்சமலைதான் தமிழ்நாட்டுல மேக்னடைட் பார்க்கணும்னா போக வேண்டிய இடம். கறுப்பு பட்டை, வெள்ளை பட்டை, கறுப்பு பட்டைன்னு அடுக்கடுக்கா இருக்கும், கறுப்பு மேக்னடைட், வெள்ளை குவார்ட்ஸ். 250 கோடி வருஷத்துக்கும் முந்தின கடலடியில படிஞ்ச வண்டல், பின்னாடி பூமிக்குள்ள அழுந்தி வெந்து படிகமானது. திருவண்ணாமலை பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலையிலயும் இதே ரகம் உண்டு. ஆனா கெட்டி தாது கிடையாது, இரும்பு முப்பத்தஞ்சு சதவீதத்தை ஒட்டித்தான். கணக்குப்படி சுத்த மேக்னடைட்ல 72.4 சதவீதம் இரும்பு, ஹெமடைட்ல 69.9, தாதுக்கள்லயே இரும்பு அதிகம் உள்ளது இதுதான், ஆனாலும் நம்ம நாட்டு உருக்காலைகள் பெரும்பாலும் ஹெமடைட் தாதுவையே நம்பி ஓடுது, காரணம் மேக்னடைட் பாறையை மாவா அரைச்சு காந்தம் வச்சு பிரிச்சு உருண்டை பிடிக்கணும். இந்தியாவோட மேக்னடைட்ல பெரும்பகுதி கர்நாடகாவுல இருக்கு. குதிரேமுக்ல அரைச்சு கூழாக்கி 67 கிலோமீட்டர் குழாய் வழியா மங்களூருக்கே அனுப்பினாங்க, மழைக்காட்டுக்கு நடுவுல சுரங்கம்னு வழக்காகி, உச்ச நீதிமன்ற உத்தரவால 2005 கடைசியோட நின்னு போச்சு. அந்தக் காட்டையும் பார்த்திருக்கேன், அந்தச் சுரங்கத்தையும் பார்த்திருக்கேன், நின்னது சரிதான்னு எனக்குப் படுது.

உலகத்துல பெரிசுன்னா ஸ்வீடன்ல கிருணா, எரிமலைக் குழம்போட சம்பந்தப்பட்டு உருவான கெட்டி மேக்னடைட், நிலத்தடி சுரங்கம் கீழ போகப் போக மேல நிலம் இறங்குது, அதனால ஊரையே பெயர்த்து தள்ளி வச்சுக்கிட்டு இருக்காங்க. ரஷ்யாவுல மாக்னிதோகோர்ஸ்க்னு ஒரு நகரம், பேருக்கே காந்தமலை ஊர்னு அர்த்தம்.

இப்ப உங்க வாசல் மணலுக்கு வர்றேன். கருங்கல்லு, அது கிரானைட்டா இருக்கட்டும் சார்னோக்கைட்டா இருக்கட்டும், உள்ள நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு மேக்னடைட் பொடிப்பொடியா இருக்கறது சகஜம். திருமயம், பிள்ளையார்பட்டி பக்கம் பாக்குற பாறை, மேற்க மதுரை மலைகள், எல்லாமே வெயில்லயும் மழையிலயும் உதிர்ந்து மண்ணாகுது. மத்த கனிமம் மக்கி களிமண்ணாகிடும், குவார்ட்ஸும் மேக்னடைட்டும், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட்னு இன்னொரு கறுப்பு கனிமமும் சுலபத்துல மக்காது. அப்புறம் மழை செய்யறது, நம்ம வீட்டுப் பொம்பளைங்க முறத்துல அரிசி கொழிக்கிற அதே வேலை. குவார்ட்ஸ் மணல் தண்ணியை விட 2.65 மடங்குதான் கனம், மேக்னடைட் 5.2. தண்ணி ஓட்டம் லேசா தளருற இடத்துல கனமானது முதல்ல உக்காந்துடும், லேசானது அடிச்சுக்கிட்டு போயிடும். அதான் அந்த கறுப்புக் கோடு. அது நிலத்துக்கடியில வெட்டி எடுக்குற அளவு இரும்பு இருக்கற அடையாளம் இல்ல, மழை நல்லா கொழிச்சிருக்குங்கற அடையாளம். கோடு மேல பார்த்து மயங்காதீங்க, அதுக்குக் கீழ ஒரு முழம் தோண்டினா வெறும் செம்மண்தான். தெருவுல வெல்டிங் பட்டறை இருந்தா இரும்புத் தூளும் கலந்திருக்கும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

அந்த மணலை நல்லா பார்க்கணும்னா காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல போட்டு மணல் மேல தடவுங்க, ஒட்டினதும் வேற காகிதத்துக்கு மேல கொண்டு போய் காந்தத்தை கவருக்குள்ள இருந்து உருவினா பொடி தானா கொட்டிடும். நேரா காந்தத்துல ஒட்ட வச்சீங்கன்னா வாழ்நாள் பூரா சுரண்டிக்கிட்டு இருக்கணும், அனுபவம். ஒட்டாம நிக்கற கறுப்பு மணி பெரும்பாலும் இல்மனைட், கன்னியாகுமரி மணவாளக்குறிச்சியில மத்திய அரசு நிறுவனம் ஐஆர்ஈஎல் பிரிக்கறாங்களே கடல்மணல், அதுல முக்கியமான சரக்கு.

நம்ம சீமைக்குன்னு தனியா ஒரு விசேஷம் உண்டு. செம்புராங்கல். ஊருணிப் படிக்கட்டு, பழைய மதில், வீட்டு அஸ்திவாரம்னு எங்க பார்த்தாலும் இருக்குமே, அதையும் அதோட சரளையையும் காந்தத்தால தொட்டுப் பாருங்க. முழுக்கல் ஒட்டாது, ஆனா பட்டாணி மாதிரி உருண்டை சரளையில சிலது டபக்னு ஒட்டும். அது மேக்னடைட் இல்ல, மேல சொன்ன மேக்ஹெமைட். வெப்பமான சீமையில துரு மாதிரியான இரும்பு கனிமம் காட்டுத்தீ, அடுப்புன்னு சூடு பட்டா இப்படி மாறிக்கும். ஜாடியில உரசினா கறுப்பு வராது, பழுப்புதான் வரும். அந்தக் காலத்து ஆடியோ கேசட்டுல பழுப்பு ரிப்பன் ஓடுமே, அதுல பூசியிருந்ததும் இதே மேக்ஹெமைட்தான், உங்க அப்பச்சி கேட்ட பாட்டெல்லாம் செம்புராங்கல்லோட சொந்தக்காரன் மேல பதிஞ்சது.

இன்னொண்ணு உங்க காலுக்கடியிலயே இருக்கு. ஆத்தங்குடி கல்லுல கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமென்ட் ஊத்தறாங்கல்ல, அதுல போடுற சிவப்பு ஹெமடைட் ரகம், மஞ்சளும் ஒரு இரும்பு ஆக்சைடு, கடையில அயர்ன் ஆக்சைடு கறுப்புன்னு விக்கிற பொடி தொழிற்சாலையில செஞ்ச மேக்னடைட். ஒரு கரண்டி சிவப்பும் ஒரு கரண்டி கறுப்பும் காகிதத்துல போட்டு கீழ காந்தத்தை நகர்த்துங்க, கறுப்பு மட்டும் முள்ளு முள்ளா எழுந்து நடக்கும், சிவப்பு அசையாது. கறுப்பு அசையலைன்னா உங்களுக்குக் கொடுத்தது கரி. இதே மாதிரிதான் கொல்லன் பட்டறையில சம்மட்டி அடிக்கும்போது செதில் செதிலா உதிருற கறுப்பும், அதுல கணிசமா மேக்னடைட் இருக்கு. கொதிகலன் குழாய்க்குள்ள நீராவியும் இரும்பும் சேர்ந்து மெல்லிசா மேக்னடைட் படலம் போட்டுக்கும், அது இரும்பைக் காப்பாத்துற நல்ல துரு. துரு ஆராய்ச்சிக்கே பேர்போன நம்ம காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், அதான் சிக்ரி, அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டா இதை மணிக்கணக்கா பேசுவாங்க.

கருமணலால பிரயோஜனமே இல்லையான்னா, ஒரு காலத்துல இருந்துச்சு. 1800-ல பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு வெள்ளைக்காரர் நம்ம கொங்கு, சேலம் பக்கமெல்லாம் சுத்தினப்ப, மழைக்குப் பிறகு ஓடையில ஒதுங்குற கருமணலை அள்ளி அலசி சின்ன மண் உலையில இரும்பு எடுத்தவங்களைப் பார்த்து எழுதி வச்சிருக்காரு, செம்புராங்கல்லுக்கு லேட்டரைட்னு பேர் வச்சவரும் அவர்தான். அந்த மாதிரி இரும்பை துண்டு போட்டு களிமண் குகையில, அதாவது உருக்குற மூசையில, அடைச்சு, கூட ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் வச்சு மூடி உருக்கினா எஃகு. குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள்ள ஏறும், அதுதான் சூட்சுமம். ஹீத்னு ஒருத்தர் இதையெல்லாம் சேலத்துல பார்த்துத்தான் 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில பெரிய இரும்பாலை ஆரம்பிச்சாரு, விறகு கரிக்கே காடு பத்தாம தவிச்சாரு.

ஞாபக சக்தி விஷயத்தை சொல்லாம விட்டா மேக்னடைட் என்னை மன்னிக்காது. எரிமலைக் குழம்பு ஆறும்போது 580 டிகிரிக்குக் கீழ வந்ததும் உள்ள இருக்கற பொடி மேக்னடைட் அப்ப பூமியோட காந்தப்புலம் எந்தப் பக்கம் எந்தச் சாய்வுல இருந்துச்சோ அதை அப்படியே பிடிச்சுக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் சாய்வு கம்மி, துருவம் பக்கம் செங்குத்து. நம்ம பக்கத்துல ஊசி ஏறக்குறைய படுத்தே இருக்கும், காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டித்தான் போகுது. ஆனா சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்தின தக்காணத்து எரிமலைப் பாறையை 1950-கள்ல பிளாக்கெட்னு ஒரு இங்கிலாந்து இயற்பியல்காரரோட குழு அளந்தப்ப, இப்ப இருக்கற இடத்துக்குப் பொருந்தாத செங்குத்தான சாய்வு, அதுவும் தெற்கு அரைக்கோளத்துச் சாய்வு. இந்தியா தெற்கே இருந்து நகர்ந்து வந்ததுக்கு அது பெரிய சாட்சி, சாட்சி சொன்னது கண்ணுக்குத் தெரியாத மேக்னடைட் தூள். உயிருள்ளதும் இதைச் செய்யும், குளத்துச் சேத்துல வாழுற சில பாக்டீரியா உடம்புக்குள்ள மேக்னடைட் மணியை மாலையா கோர்த்து வச்சு திசை பார்க்குதுன்னு பிளேக்மோர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர் 1975-ல எழுதினாரு. புறா மூக்குல காந்தம்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாங்க, 2012-ல பார்த்தா அது வெறும் இரும்பு தின்ன வெள்ளணு.

நடுவுல ஒரு எச்சரிக்கை. பூர்வீக வீட்டுல காந்தக்கல் இருக்குன்னு சேதி பரவுனா உங்களைத் தேடி ஆள் வருவாங்க. இரிடியம், ரைஸ் புல்லர், கோடி ரூபாய்னு பேசுவாங்க, கலசமோ கல்லோ அரிசியை இழுக்குறதா செஞ்சும் காட்டுவாங்க. அரிசியில இரும்புத் தூள் ஒட்ட வச்சா உங்க ஸ்பீக்கர் காந்தம் கூட இழுக்கும். மேக்னடைட் எவ்வளவு நல்லதா இருந்தாலும் கிலோ கணக்குல விக்கிற சாமான்தான். முன்பணம் கேட்டா வாசக்கதவை சாத்திடுங்க.

உங்க கல்லைப் பத்தி என் கணிப்பு என்னன்னா, கூட குழியம்மி இருந்ததுன்னு சொன்னீங்கல்ல, அதுதான் எனக்கு மனசுல நிக்குது. சித்த வைத்தியத்துல காந்தச் செந்தூரம்னு ஒண்ணு உண்டு, காந்தக்கல்லை சுத்தி பண்ணி மூலிகைச் சாறு விட்டு அரைச்சு புடம் போட்டு எடுக்கறது. கறுப்புக் கல்லு காத்துல சூடுபட்டா ஆக்சிஜனை இன்னும் வாங்கிக்கிட்டு ஹெமடைட்டா மாறி சிவக்கும், செந்தூரக் கலர் வர்றது அதனாலதான். உங்க வீட்டுல யாரோ வைத்தியம் பார்த்தவங்க மருந்துக்குன்னு வாங்கி வச்ச கல்லா இருக்கலாம். அதுக்காக நீங்க அரைச்சு சாப்பிடக் கிளம்பிடாதீங்க, அது படிச்ச வைத்தியர் கைவேலை. கல்லுல எங்கயாவது தேய்ச்ச, உடைச்ச தடம் இருக்கான்னு பாருங்க, ஜாடிக் கோடு என்ன கலர், தண்ணி எடை எவ்வளவு, திசைகாட்டி முனை எந்த ஓரத்துலயாவது தள்ளிப் போகுதா, இந்த நாலையும் பார்த்துட்டு சொல்லுங்க. அதுவரைக்கும் ஸ்பீக்கர் காந்தத்தை கல்லு கிட்ட கொண்டு போகாம, ஈரம் துடைச்சு அதே சிவப்புத் துணியில சுத்தி வச்சிருங்க.